ஒரு மாதம் அவர் படம், ஒரு மாதம் என் படம்

என் கணவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கல்யாணமான முதல் வாரத்திலேயே இது எனக்குத் தெரிந்துவிட்டது. ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேலை அவருக்கு. வேலை நாட்களில் வடக்கே ஈப்போ, தெற்கே கிம்மாஸ் என்று ஓடிக்கொண்டிருப்பார். ஓய்வு நாளிலும் கால் நிற்காது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கிடைத்தது ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். அந்த அறைக்குள் சுவருக்குச் சுவர் நடப்பார். காப்பியை நின்றுகொண்டே குடிப்பார். சாப்பிட மட்டும்தான் தரையில் உட்காருவார். அப்போதும் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

நானும் அமைதியான பிறவி இல்லை. பிறந்து வளர்ந்தது கிள்ளானில். அப்பா ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படிக்க வைத்தார். வீட்டில் எப்போதும் பேச்சும் சண்டையும் சிரிப்புமாக இருக்கும். பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த பிறகு, அவர் வேலைக்குப் போய்விட்டால் பேச ஆள் இல்லை. படிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஒவ்வொரு ரயில் போகும்போதும் அலமாரியில் இருக்கும் தட்டுகள் கிணுகிணுக்கும். வாசலுக்குப் போவேன், உள்ளே வருவேன், துவைத்த துணியை மறுபடி துவைப்பேன். மார்புக்குள் ஏதோ ஒன்று எங்கேயோ கிளம்ப வேண்டும் என்று தட்டிக்கொண்டே இருக்கும். எங்கே என்றுதான் தெரியாது.

எங்களுக்குள் முதல் சண்டை சினிமாவால் வந்தது. எனக்கு இங்கிலீஷ் படம் என்றால் உயிர். சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பேசாத படங்களாகப் பார்த்து வளர்ந்தவள் நான். அவருக்கோ தமிழ்ப் படம்தான் படம். அப்போதுதான் தமிழ் பேசும் படங்கள் ஒன்றிரண்டு வரத் தொடங்கியிருந்தன.

"வெள்ளக்காரன் படத்துல என்ன இருக்கு? அவன் பேசறதும் புரியாது, எழுதிக் காட்டறதும் புரியாது."

"நான் சொல்றேன்ல. பக்கத்துலதானே உக்காந்திருப்பேன்."

கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு நின்றார். "சரி. ஒரு மாசம் உன் படம், ஒரு மாசம் என் படம். உன் படத்துக்கு நான் வாயத் தொறக்காம வருவேன். என் படத்துக்கு நீ அப்படி வரணும். சரியா?"

சரி என்றேன்.

முதல் முறை என்னுடையது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பார்த்து, பல நாள் தூங்காமல் நினைத்துக்கொண்டிருந்த ஒரு பேசாத படத்தைப் பழைய கொட்டகை ஒன்றில் மறுபடி போட்டிருந்தார்கள். குதிரை ஓட்டும் ஒரு பெண்ணின் கதை. ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்திலேயே குதிரையை விரட்டிக்கொண்டு வந்து, ரயிலுக்குள் தாவிக் கள்ளர்களைப் பிடிப்பாள். எஞ்சின் விசில் கேட்டுக் கேட்டு அவருடைய இடது காது மந்தமாகியிருந்தது. அதனால் என்னை வலப்பக்கம் உட்காரச் சொன்னார். படத்தில் வந்த எழுத்தையெல்லாம் நான் தமிழில் சொல்லச் சொல்ல, "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் குரல் ஏறிக்கொண்டே போனது.

முன் வரிசையில் இருந்த தமிழர் ஒருவர் திரும்பினார். "மெதுவா லா, தங்கச்சி. நாங்களும் காசு குடுத்துத்தான் வந்திருக்கோம்."

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்ன என் கணவர், ரயில் வளைவில் திரும்பிய இடத்தில் எழுந்து நின்று, "பிரேக்கப் போடுடா!" என்று கத்தினார். கொட்டகையே சிரித்தது. எனக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றியது.

வெளியே வந்ததும் எப்படி இருந்தது என்று ஆவலோடு கேட்டேன். அவர் முகம் தெளிவாக இல்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கடைசில எதுக்கு அவ குதிரைய விட்டுட்டு அந்த ஆளக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள போயி உக்காந்துட்டா?"

"கல்யாணம் ஆனா வீட்லதானே இருக்கணும்?"

"அப்ப அந்தக் குதிர என்ன ஆச்சு?"

படத்தில் அதைக் காட்டவில்லை. அது அவரை மிகவும் உறுத்தியது. இரண்டு நாள் கழித்து வேலைக்குக் கிளம்பும்போதுகூட வாசலில் நின்று, "அத எவனுக்காவது வித்திருப்பாங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அவருடைய முறை. தமிழ்ப் படம் எதுவும் வரவில்லை. இங்கிலீஷ் படம் வாரத்துக்கு வாரம் மாறும். தமிழ்ப் படம் கப்பலேறி வந்தால்தான் உண்டு. அதற்கடுத்த முறையும் வரவில்லை. "உங்க முறை போயிருச்சு, இனி எல்லாம் என் முறை" என்று நான் சீண்டினேன்.

"போகல. என் படத்த நானே சொல்றேன், கேளு" என்றார்.

எங்கள் கல்யாணத்துக்குச் சற்று முன்பு, அம்மாவைப் பார்க்க லீவு எடுத்துக்கொண்டு கப்பலேறி நாகப்பட்டணம் போயிருந்தபோது ஒரு கூடாரத்தில் அவர் பார்த்த படம் அது. அவருக்கு அதைவிடப் பிடித்த படம் இல்லையாம். நின்றபடியும் நடந்தபடியும்தான் சொன்னார். உட்கார்ந்து சொல்ல வரவில்லை. பாட்டு வரும் இடத்தில் பாடுவார். மாமியார் பேசும் இடத்தில் இடுப்பில் கை வைத்துக்கொள்வார். நான் அடுப்பில் உலையை வைத்துவிட்டு, கரண்டியோடு வாசற்படியில் நின்று கேட்பேன். ஒரே நாளில் முடிகிற கதை இல்லை. ஒவ்வோர் ஓய்வு நாளுக்கும் ஒரு பகுதி.

கதை ஒரு வணிகனின் மனைவியைப் பற்றியது. கல்யாணமான மறுநாளே வணிகன் கப்பலேறிப் போகிறான். கப்பல் மூழ்கிவிட்டது என்று செய்தி வருகிறது. வந்த நேரம் சரியில்லை என்று மருமகளை மாடி அறையில் வைத்துப் பூட்டுகிறாள் மாமியார். அவள் ஜன்னலோரம் நின்று கடலைப் பார்த்துப் பாடுகிறாள். ஒரு நாள் யாரோ மறதியில் பூட்டாமல் போகிறார்கள். கதவு திறந்து கிடக்கிறது.

இந்த இடத்தில் அவர் நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

எங்கள் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர்தான். அடுத்த வீட்டில், ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவரின் மனைவி இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவர் வேலையிலிருந்து திரும்பி வந்து சட்டையைக் கழற்றும்போதே பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"அண்ணே, கதவு தொறந்து கெடந்துச்சே, அப்புறம் என்ன ஆச்சு?"

"பொறுக்கா, குளிச்சிட்டு வந்து சொல்றேன்."

அப்புறம் ஆனதுதான் என் உறக்கத்தைக் கெடுத்தது. அவள் கதவைத் தாண்டிப் போகிறாள். ஆண் வேடம் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், ஒரு கப்பலில் சமையல்காரனாகச் சேருகிறாள். புயல் அடிக்கிறது. தெரியாத ஊர் ஒன்றில் இறங்கி, துறைமுகத்துக்கு எதிரிலேயே சாப்பாட்டுக் கடை வைக்கிறாள். பாஷை தெரியாமல் கையைக் காட்டி வியாபாரம் செய்கிறாள். வருஷங்கள் போகின்றன. ஒரு நாள் எலும்பும் தோலுமாக ஒருவன் வந்து வேலை கேட்கிறான். அவளுடைய கணவன்தான். அவள் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அவனைப் பாத்திரம் கழுவ வைக்கிறாள். அவன் தன் மனைவியைப் பற்றி மற்ற வேலையாட்களிடம் என்ன சொல்கிறான் என்று ஒளிந்து நின்று கேட்கிறாள். கடைசியில் ஒரு நாள் அவன் முன்னால் இலையைப் போட்டுச் சோறு பரிமாறி, "இங்கேயே இருக்கலாம். ஆனால் கடை என்னுடையது" என்கிறாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் அக்கா கைதட்டினார்.

அந்தப் பெண் என் மனத்தை விட்டுப் போகவில்லை. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும்போது சாப்பாட்டுக் கடைகளின் முன்னால் நின்று பார்ப்பேன். இதே ஊரில் ஒரு பெண் அப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். வீட்டுக்குள் வந்ததும் சுவர்கள் இன்னும் நெருங்கி வந்ததுபோல் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ரயில்வேயில் ஆள் குறைக்க ஆரம்பித்தார்கள். ரப்பர் விலை விழுந்து நாடே முடங்கிக் கிடந்தது. இன்றைக்கு யாருக்கு, நாளைக்கு யாருக்கு என்று எஞ்சின் ஷெட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசையிலேயே சில வீடுகள் காலியாயின. தகரப் பெட்டியும் பாயுமாக, குழந்தைகளோடு கிள்ளான் துறைமுகத்துக்குப் போனார்கள், ஊருக்குக் கப்பலேற. என் கணவரின் நடை இன்னும் அதிகமாயிற்று. இப்போது அறைக்குள் போதவில்லை, தண்டவாளத்து ஓரமாக நடந்துவிட்டு வருவார்.

"நம்மளையும் நிறுத்திட்டா ஊருக்குப் போயிருவோம். அம்மா இருக்கா. கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம்" என்றார்.

"உங்களுக்கு ஊரு. எனக்கு அது என்னது? நான் கிள்ளானத் தாண்டுனதே உங்களக் கட்டிக்கிட்டு வந்தப்பதான்."

எனக்குப் பயம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பெண் பிள்ளைகளுக்கான மிஷன் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. சின்ன வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்க் கேட்டேன். தலைமையாசிரியை என்னை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், கணக்கு ஒன்றைப் போடச் சொன்னார், கணவரிடம் கேட்டுக்கொண்டு வா என்றார்.

அவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"ஃபயர்மேன் பொண்டாட்டி டீச்சர் வேலைக்குப் போறா, ஃபயர்மேன் வீட்ல உக்காந்து சாப்பிடறான். ஷெட்டுல இதத்தான் பேசுவானுங்க."

"உங்க படத்துல அவ கட வெச்சாளே?"

"அது படம்."

"நீங்கதானே உசுரா அதச் சொன்னீங்க?"

"அது படம்னு சொல்றேன்ல!"

அவர் வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு பல நாள் எங்களுக்குள் உப்பு, தண்ணீர், சோறு என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை.

இப்படி இருக்கும்போது, மேளம் அடித்துக்கொண்டு வந்த வண்டியிலிருந்து அக்கா ஒரு நோட்டீஸ் வாங்கி வந்து நீட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். அதே படம். கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. என் கணவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய படம். கதைதான் உனக்குத் தெரியுமே, இப்ப எதுக்கு?"

"இது உங்க முறை. நான் வந்தே தீரணும்" என்றேன். உண்மையில் எனக்கு அந்தக் கடையைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

ஆனால் பக்கத்தில் உட்கார முடியவில்லை. தமிழ்ப் படத்துக்குப் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள். தகரக் கூரை போட்ட கொட்டகை. கூட்டம் நிரம்பி வழிந்தது. வறுத்த கடலையைப் பொட்டலம் கட்டிக் கச்சாங் பூத்தே விற்கிறவர் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தார்.

படம் தொடங்கியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எல்லாம் அவர் சொன்னது போலவே. கல்யாணம், கப்பல், மாமியார், மாடி அறை. பாட்டுகூட அவர் பாடிக் காட்டிய அதே மெட்டு. நான் வாய்க்குள்ளேயே கூடப் பாடினேன். அவ்வப்போது ஆண்கள் பக்கம் பார்த்தேன். அவர் பெஞ்சில் இல்லை. சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

இடைவேளையில் கயிற்றருகே வந்தார். "மழ வரும் போல இருக்கு. கெளம்பலாமா?"

"பாதியிலயா?"

"மிச்சந்தான் தெரியுமே."

"கப்பலப் பாக்காம நான் வரமாட்டேன். போங்க, போயி உக்காருங்க."

மழை வந்தது. கூரைச் சத்தத்தில் பேச்சு பாதி கேட்கவில்லை. ஆனாலும் படம் தெரிந்ததே, அது போதும் எனக்கு. மாமியார் மறதியில் பூட்டாமல் போகிறாள். கதவு லேசாகத் திறக்கிறது. நான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன். அந்தப் பெண் கதவருகே வருகிறாள். வெளியே பார்க்கிறாள். பிறகு தன் கையாலேயே கதவைச் சாத்திவிட்டு, உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடுகிறாள்.

என்னைச் சுற்றி இருந்த பெண்கள் "ஐயோ பாவம், உத்தமி" என்று கண்ணைத் துடைத்தார்கள். சரி, இன்னொரு தரம் கதவு திறக்கும் என்று நான் காத்திருந்தேன். திறக்கவில்லை. பாட்டுமேல் பாட்டு. கடைசியில் சாமி ஒரு கிழவர் வேடத்தில் வந்து, கணவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுகிறார். அவள் அவன் காலில் விழுகிறாள். மாமியாரும் அழுகிறாள். முடிந்துவிட்டது.

எல்லோரும் எழுந்து போகும்போது நான் வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னம்மா தேடற?" என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்.

"கப்பல்."

"எந்தக் கப்பல்? அது மொதல்லயே முழுகிப் போச்சே?"

கிள்ளான் ஸ்டேஷனுக்கு மழையிலேயே நடந்து வந்தோம். நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு அவர் பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நான் பெஞ்சிலிருந்து எழுந்து போய் அவர் குறுக்கே நின்றேன்.

"அந்தக் கடைய யாரு வெச்சது?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். "நான் பாதிதான் பாத்தேன்."

"என்னது?"

"கதவு தொறந்துச்சுல்ல, அங்க மெஷின் கெட்டுப் போச்சு. நாளைக்கு வாங்க, காசு வாங்காம விடறேன்னு கூடாரத்துக்காரன் சொன்னான். மறுநாள் காலைல எனக்குக் கப்பல்."

"அப்ப மிச்சம்?"

"கப்பல்ல வர்றப்ப நெனச்சேன். அப்புறம் எஞ்சின்ல போறப்பல்லாம் நெனப்பேன். கதவு தொறந்துருக்கு. ஒருத்தி சும்மா உக்காந்திருப்பாளா? எனக்கு அப்படித் தோணவே இல்ல. போயிருப்பான்னுதான் தோணுச்சு. இவ்வளவு நாளு படமே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிட்டேன். அன்னிக்கு நோட்டீஸப் பாத்ததும்தான் பயம் வந்துச்சு."

எனக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"அப்ப அவளக் கப்பல் ஏத்தி விட்டது படக்காரன் இல்ல, நீங்க."

"ஆமா."

"கட வெச்சுக் குடுத்ததும் நீங்க."

"ஆமா."

"அவள அவ்வளவு தூரம் அனுப்பிட்டு, என்னய மட்டும் ஏன் கதவச் சாத்திக்கிட்டு உக்காரச் சொல்றீங்க?"

ரயில் வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை. வண்டிக் கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழைச் சாரல் முகத்தில் அடிக்க நின்றுகொண்டு வந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆட்கள் அவரை இடித்துக்கொண்டு ஏறி இறங்கினார்கள். சுங்கை வே ஸ்டேஷனில் கோழிக்கூடையோடு ஒரு குடும்பம் இறங்கியது. கூடையை இறக்கிக் கொடுத்துவிட்டு, திரும்பி என் எதிரில் வந்து நின்றார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காலைல எத்தன மணிக்குப் போகணும்?"

"ஏழரைக்கு."

"மழ நாள்ல அந்தப் பக்கம் தண்ணி நிக்கும். கொட வாங்கணும்" என்றார். அவ்வளவுதான். மறுபடியும் கதவருகே போய் நின்றுகொண்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். சில மாதத்தில் அவருக்கு வேலை போயிற்று. பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்கும் அதே வாரம். அவர்கள் கப்பலேறிய நாளில் நாங்கள் துறைமுகம் வரை போனோம். அக்கா பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டே என் கணவரிடம் சொன்னார், "அண்ணே, அந்தப் பொண்ணு கட வெச்சா மாதிரி நானும் ஊர்ல ஏதாச்சும் வெச்சுப் பொழைச்சுக்குவேன்." அக்கா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் அக்காவிடம் ஆமாம் என்று தலையை ஆட்டினோம்.

நாங்கள் போகவில்லை. குவார்ட்டர்ஸை விட்டு வெளியேறி, பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்துக்கொண்டோம். என் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. அது அவருக்குச் சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். செந்தூல் வரை நடப்பார், பத்துமலை வரை நடப்பார், வேலை கேட்டுப் போனேன் என்பார். பழைய சிநேகிதர்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். சில நாள் காரணமில்லாமல் என்மேல் எரிந்து விழுவார். நானும் சளைக்க மாட்டேன், நாள் முழுவதும் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்தவள் அல்லவா. ஆனால் ஒரு நாள்கூட வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. சமைத்து வைக்கக் கற்றுக்கொண்டார். பருப்பு மட்டும் கடைசி வரை வேகாது.

காலம் சற்றுத் தேறியதும் ரயில்வேயில் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் கிம்மாஸ் ஷெட்டுக்கு. நான் பள்ளிக்கூடத்தை விடுவதா, அவர் வேலையை விடுவதா என்று ஒரு வாரம் வாதாடினோம். கடைசியில் அவர் அங்கே, நான் இங்கே என்று முடிவாயிற்று. ஓய்வு கிடைக்கும்போது வருவார். வந்து இறங்கிய பத்தாவது நிமிஷத்தில், "இந்த மாசம் யார் முறை?" என்பார். போன மாதம் வராமல் போனது கணக்கில் சேருமா சேராதா என்று சண்டை ஆரம்பிக்கும்.

ஒரு முறை சாயங்கால வண்டிக்கே அவர் திரும்ப வேண்டியிருந்தது. என் முறை. அப்போது வந்திருந்த இங்கிலீஷ் படமோ நீளமானது. போக வேண்டாம் என்று நான் சொன்னேன். முறை என்றால் முறைதான் என்று இழுத்துக்கொண்டு போனார். படம் சூடு பிடிக்கிற நேரத்தில் எழுந்து, பின்னால் இருப்பவர்களுக்குத் திரையை மறைத்துக்கொண்டு வெளியேறி, ஸ்டேஷனுக்கு ஓடினோம். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பின்னால், "முன்னாலயே எந்திரிச்சிருக்கலாம்ல?" என்று கத்திக்கொண்டே. வண்டி நகர்ந்துவிட்டது. அவர் தாவி ஏறினார். படியில் நின்று திரும்பி, வாயருகே கையைக் குவித்து ஏதோ சொன்னார். விசில் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கொட்டகையில் அவர் கேட்டதுபோல, "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டே பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்தேன்.